நலப்பணியாளர்கள் மீதான பணியிட வன்முறைத் தடுப்பு

மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், மனநலப் பணியாளர், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், முதியோர் இல்லப் பராமரிப்பாளர், வீடு தேடிச் செல்லும் சுகாதார ஊழியர் ஆகியோர் பணியின்போதோ பணியின் காரணமாகவோ எதிர்கொள்ளும் தாக்குதல், பாலியல் வன்முறை, மிரட்டல், வசை ஆகியவை நலப்பணியாளர்கள் மீதான பணியிட வன்முறை எனப்படும். சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 விழுக்காட்டினர் தம் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அமெரிக்காவில் 2018-இல் பணியிட வன்முறையால் ஏற்பட்ட, உயிரிழப்பில் முடியாத காயங்களில் 73 விழுக்காடு சுகாதாரப் பணியாளர்களுக்கு ஏற்பட்டவை. மனநோயாளியிடம் அடிவாங்குவதும் உறவினர்களிடம் திட்டு வாங்குவதும் 'இந்த வேலையில் சகஜம்' என்று மேலதிகாரிகளும் பணியாளர்களுமே சொல்லிப் பழகிவிட்டதால், நடப்பதில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கலிபோர்னியா மாநிலத்தில் உருவான வகைப்பாடு பணியிட வன்முறையை நான்காகப் பிரிக்கிறது. வெளியாள் கொள்ளையடிக்க வருவது முதல் வகை. சேவை பெறுபவரோ அவருடன் வந்தவரோ தாக்குவது இரண்டாம் வகை. சக ஊழியர் தாக்குவதும், சொந்த வாழ்வின் பகை பணியிடம்வரை துரத்தி வருவதும் மற்ற இரண்டு. நலப்பணியாளர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இரண்டாம் வகை. தடுப்பு கடினமாவதும் அதனால்தான். கடைக்காரர் கதவைச் சாத்திக்கொள்ளலாம்; செவிலியர் நோயாளியிடமிருந்து விலகி நின்று பணி செய்ய முடியாது. அடித்தவருக்கே மறுநாள் ஊசி போட வேண்டியிருக்கும்.

ஆயினும் இந்த வன்முறை எதிர்பாராத விபத்து அன்று. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தச் செய்தியைச் சொல்லும்போது அது வெடிக்கும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே அறியலாம். நள்ளிரவு அவசர சிகிச்சைப் பிரிவு, நீண்ட காத்திருப்பு, மரணச் செய்தி, கட்டணத் தகராறு, பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரித்து அழைத்துச் செல்லும் நாள், தனியாகச் செல்லும் வீட்டுச் சந்திப்பு ஆகியவை திரும்பத் திரும்ப வரும் சூழல்கள். கொதிகலன் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது ஆலை நிர்வாகத்தின் கடமை என்றால், இதுவும் நிர்வாகத்தின் கடமையே.

நிகழ்வுகள் கற்பித்தவை

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, சுகாதார, சமூகசேவைப் பணியாளர்களுக்கான வன்முறைத் தடுப்பு வழிகாட்டியை 1996-இல் வெளியிட்டு, 2015-இல் விரிவாகத் திருத்தியது. நிர்வாகத்தின் உறுதியும் ஊழியர் பங்கேற்பும், பணியிட ஆய்வு, ஆபத்துக் கட்டுப்பாடு, பயிற்சி, பதிவும் மறுமதிப்பீடும் என்ற ஐந்தும் அதன் தூண்கள். ஆனால் அது வெறும் பரிந்துரை. அதைக் கட்டாயமாக்கும் மசோதா 2019-இலும் 2021-இலும் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. சட்டத்தின் வலு மாநிலங்களிலிருந்தே வந்தது. பல முறை ஓர் உயிர் போன பிறகே வந்தது.

வாஷிங்டன் மாநிலத்தில் 2005 நவம்பரில், மனநல நெருக்கடியில் இருந்த ஒருவரின் வீட்டுக்குத் தனியாகச் சென்ற பணியாளர் கொல்லப்பட்டார். 2007-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டப்படி, இத்தகைய நெருக்கடிச் சந்திப்புக்குத் தனியாகப் போகும்படி எந்தப் பணியாளரையும் கட்டாயப்படுத்த முடியாது. துணைக்குப் பயிற்சி பெற்ற இன்னொருவர், கையில் செல்பேசி, அந்த நபர் முன்பு வன்முறையில் ஈடுபட்டாரா என்ற தகவல், ஆண்டுதோறும் பயிற்சி ஆகியவை பணியாளரின் உரிமையாயின. இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. கென்டக்கி மாநிலத்தில் 2006 அக்டோபரில், பெற்ற தாயைப் பார்ப்பதற்காகக் குழந்தையை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்ற சமூகசேவை உதவியாளர் கொலையுண்டதும் அங்கே சட்டத்துக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் வழி வகுத்தது.

கலிபோர்னியாவின் நாபா மாநில மனநல மருத்துவமனையில் 2010 அக்டோபரில் ஒரு பெண் ஊழியர் வளாகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். ஊழியர்களிடம் அபாய அழைப்புக் கருவி இருந்தது. ஆனால் அது கட்டடங்களுக்குள் மட்டுமே வேலை செய்தது, திறந்தவெளியில் செய்யவில்லை. கருவி வாங்கியாகிவிட்டது என்று கோப்பில் எழுதுவதற்கும், ஆபத்து நேரக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் அதை அழுத்திப் பார்ப்பதற்கும் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. மருத்துவமனைகள் எழுத்துவடிவத் தடுப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2017-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அம்மாநிலத்தின் பெரும்பாலான பிற பணியிடங்களும் அத்தகைய கடமைக்கு உட்பட்டன.

தடுப்பு முறைகள்

கட்டட அமைப்பிலிருந்து தொடங்குவதே சிறந்தது. ஆலோசனை அறைக்கு இரண்டு வாசல். ஒரே வாசல் இருந்தால் பணியாளரின் இருக்கை வாசலுக்கு அருகில். கைக்கெட்டும் இடத்தில் கத்தரி, கனமான பொருள் எதுவும் கூடாது. 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காயத்துக்கு மருந்திடப் போலீசார் அழைத்து வந்தவர் அங்கிருந்த அறுவை சிகிச்சைக் கத்தரியை எடுத்தே பயிற்சி மருத்துவரைக் குத்திக் கொன்றார். கத்தரி எங்கே வைக்கப்பட்டிருந்தது, கூட வந்த போலீசார் எங்கே நின்றார்கள் என்பவை தண்டனைச் சட்டம் கேட்காத கேள்விகள். தடுப்பு அந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது.

அறிகுறிகளைப் படிப்பது அடுத்தது. நார்வேயில் உருவான புரேசெட் பட்டியல், மனநலப் பிரிவில் உள்ளவரிடம் ஆறு அறிகுறிகளைப் பார்க்கச் சொல்கிறது: குழப்பம், எரிச்சல், கூச்சல், வாய்மொழி மிரட்டல், உடல்வழி மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டுத்தொகை அடுத்த 24 மணி நேரத்தின் ஆபத்தைக் காட்டும். ஒரு ஷிப்டு மாறும்போது சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம் என்பதே இதன் பலம்.

பேச்சும் ஒரு கருவிதான். இங்கிலாந்தில் லென் பவர்ஸ் குழுவினர் வகுத்த 'சேஃப்வார்ட்ஸ்' முறை, 15 மருத்துவமனைகளின் 31 மனநல வார்டுகளில் சோதிக்கப்பட்டு 2015-இல் முடிவுகள் வெளியாயின. மோதல் நிகழ்வுகள் 15 விழுக்காடும், பிடித்து அடக்குதல், தனியறையில் அடைத்தல் போன்ற கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் 26.4 விழுக்காடும் குறைந்தன. செய்தவை எளியவை: வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த நோயாளியை முன்னதாகவே கவனித்துப் பேசுவது, மறுப்புச் சொல்ல நேரும்போது மென்மையான சொல்லைத் தேர்வது, நோயாளியும் ஊழியரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சிறிது அறிந்துகொள்வது, ஒரு சண்டை நடந்ததும் பார்த்துக்கொண்டிருந்த மற்ற நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வது.

'வன்முறையைச் சற்றும் பொறுக்கமாட்டோம்' என்று சுவரில் ஒட்டும் அறிவிப்புகள் இதற்கு நேர்மாறான பாதை. மறதிநோயால் திசை தெரியாமல் கை ஓங்கும் முதியவருக்கு அந்த அறிவிப்பால் பயனில்லை. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குபவர்கள் அல்லர் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பணியாளரைக் காப்பது என்ற பெயரில் நோயாளியை எதிரியாக்கும் முறை இருவருக்கும் தீங்கானது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் இந்தச் சிக்கலின் சட்ட வரலாறு ஒரு சமூகப் பணியாளரிடமிருந்து தொடங்குகிறது. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' எனப்படும் கிராமக் களப்பணியாளராக இருந்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அரசு கொடுத்த வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்டவருக்கு, வேலை கொடுத்தவர் என்ற முறையில் யார் பொறுப்பு என்ற கேள்வியே 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்புக்கும், அதன்வழி 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்கும் கொண்டுசென்றது. அச்சட்டம் பணி நிமித்தம் செல்லும் எந்த இடத்தையும், அதற்கு வேலை தருபவர் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடம் என்கிறது. இன்று தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் புறப்படும் சமூகநல விரிவாக்க அலுவலரும் ஊர்நல அலுவலரும் எதிர்கொள்ளும் ஆபத்து பட்டேரியில் இருந்ததே.

மருத்துவத் துறையில் தமிழ்நாடு 2008-இல் தனிச் சட்டம் இயற்றியது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 10 ஆண்டுவரை சிறை. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 1 அன்று இந்தூரில் சுகாதாரக் குழுவினர் கல்லெறிபட்டனர். அதே மாதம் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களும் ஆம்புலன்சும் தாக்கப்பட்டனர். ஏப்ரல் 22 அன்று ஒன்றிய அரசு பெருந்தொற்று நோய்கள் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டுவரை சிறை என்றது. கொட்டாரக்கரைக் கொலைக்குப் பிறகு கேரளமும் தண்டனையைக் கூட்டியது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டதையடுத்து, தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே வழக்குப் பதியச் செய்ய வேண்டும் என ஒன்றிய சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் பட்டப்பகலில் நோயாளி ஒருவரின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார்.

கடுமையான சட்டம் நடப்பில் இருந்த ஊரில்தான் இது நிகழ்ந்தது. தாயின் வேதனையைக் கண்டு கொதித்து நிற்பவர் சட்டப்பிரிவை நினைத்துப் பார்ப்பதில்லை. நோயாளியுடன் இருப்போருக்குக் கையில் டேக் கட்டும் முறை போன்ற ஏற்பாடுகள் அதன்பின் வேகம் பெற்றன. அவை தேவையானவை. ஆனால் ஒரு டூட்டி டாக்டரும் இரண்டு நர்சுகளும் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் இடத்தில், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று உறவினரிடம் உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரமிருக்காது. ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பதும், நோயாளியின் குடும்பத்துடன் பேசுவதற்கென்றே ஒருவரை நியமிப்பதும் மெட்டல் டிடெக்டரைவிட முக்கியமான பாதுகாப்பு ஏற்பாடுகள்.

மருத்துவமனைச் சுவருக்கு வெளியே உள்ளவர்களின் நிலை இன்னும் பலவீனமானது. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர், பிற மாநிலங்களின் ஆஷா பணியாளர் ஆகியோர் தனியாகவே வீடு வீடாகச் செல்கின்றனர். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று குறித்துக்கொள்ள ஒருவர், குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் தேடிப் போக ஓர் ஏற்பாடு, சிக்கலான வீட்டைப் பற்றி முன்பு சென்றவர் எழுதிவைத்த குறிப்பு, போகமாட்டேன் என்று சொன்னால் ஊதியம் வெட்டப்படாது என்ற உறுதி ஆகியவை வேண்டும். ஆஷாக்கள் ஊக்கத்தொகை பெறுபவர்களாகவே கருதப்படுவதால் இவற்றை யாரிடம் கேட்பது என்பதே சிக்கலாகிவிடுகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியமின்றிப் பணிபுரியும் தன்னார்வலரையும் ஊழியராக ஏற்கிறது. 2020-ஆம் ஆண்டு அவசரச் சட்டம் சமுதாய சுகாதாரப் பணியாளரையும் காத்தது. முன்னது பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும், பின்னது பெருந்தொற்றுக் காலத்துக்கு மட்டும் உரியது.