திருப்பூரை நாடி வந்த இரு சாரார்

தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த மூலனூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பவை. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே காற்றாக வீசுமேயன்றி மழையாகப் பொழிவது அரிது. ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழையை நம்பியே உழவர் வாழ்ந்தனர். சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த காடுகளும், முள்கிளுவை வேலியிட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்ட கொறங்காடுகளும், அவற்றில் மேய்ந்த காங்கயம் மாடுகளுமே அவ்வட்டாரத்தின் செல்வம். மூலனூர் முருங்கையும், அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் பருத்தி ஏலமும் இன்றும் அவ்வூரின் பெயரை வெளியூர்களில் வழங்கச் செய்கின்றன.

இவ்வறண்ட ஊர்களிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்பூர். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 80,000. விரிவடைந்த மாநகராட்சி எல்லைக்குள் 2011-ஆம் ஆண்டில் அது 8,77,000-க்கு மேற்பட்டது. இப்பெருக்கம் பிறப்பினால் மட்டும் நேர்ந்ததன்று. ஊர் விட்டு ஊர் வந்தவரால் நேர்ந்தது. வந்தவரை இரு சாராராகப் பகுத்துக் காணலாம். மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில், காங்கயம் முதலிய அண்மை ஊர்களிலிருந்து வந்தோர் முதற்சாரார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, மேற்கு வங்கம், அசாம், உத்தரப்பிரதேசம் முதலிய தொலைவு மாநிலங்களிலிருந்து வந்தோர் இரண்டாம் சாரார். இருவரும் வறுமையின் காரணமாகவே புறப்பட்டனர். ஒரே தொழிலையே நாடினர். ஆயினும் அவர்கள் அடைந்த நிலைகள் ஒன்றாக இல்லை. ஏன் இவ்வேறுபாடு என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

முதலில் நகரின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை போத்தனூரை எட்டிற்று. அப்பாதையில் அமைந்த திருப்பூர் சுற்றுவட்டாரப் பருத்திக்குச் சந்தையாயிற்று. பருத்தி அரைவை ஆலைகள் எழுந்தன. 1920-க்குப் பின் கதர் இயக்கத்தின் பெரு நிலையமாக அந்நகர் விளங்கிற்று. 1932-ஆம் ஆண்டு சனவரியில் கொடி காத்து உயிர் நீத்த குமரனின் பெயரோடு அவ்வூரின் பெயரும் நாடெங்கும் பரவிற்று. அக்காலத்தை ஒட்டியே பனியன் நெசவும் அங்குத் தோன்றியது. நெடுங்காலம் பனியன் தொழிலில் முதன்மை பெற்றிருந்தது கல்கத்தா நகரமே. அங்குத் தொழில் தளர்ந்தபோது திருப்பூர் முன்னேறியது. 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் நாடி வந்தனர், ஏற்றுமதி தொடங்கிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களுக்கு ஆடை அனுப்பும் நகரமாகத் திருப்பூர் மாறியது.

முதற்சாரார் வந்த காலம் இத்தொழில் சிறிதாக இருந்த காலம். வானம் பொய்த்து, கிணறுகள் வற்றி, கவலை பூட்டி நீர் இறைக்கவும் இயலாத நிலையில், சிறு நிலமுடைய குடியானவர் வீட்டு இளைஞர் திருப்பூருக்குப் பேருந்து ஏறினர். கைமடிப்போராகவும் எடுபிடிகளாகவும் சேர்ந்தனர், தையல் பழகினர், கட்டிங் மாஸ்டராயினர். பின்னர் இரண்டொருவர் கூடிப் பழைய தையல் பொறிகள் சிலவற்றை வாங்கி, பெரிய கம்பெனிகளிடம் துணி பெற்று, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகளை அமைத்தனர். நேற்றைய தொழிலாளி இன்றைய முதலாளியாகும் இவ்வழக்கம் திருப்பூரின் தனிச்சிறப்பு என்று ஆய்வாளர் கூறுவர். சரத் சாரி என்னும் அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். தம் ஏற்றத்திற்குக் காரணம் யாது என்று வினவியபோது அம்முதலாளிகள் தம் ‘உழைப்பு’ என்றே விடை பகர்ந்தனர் என்பதை அவர் எடுத்துக்காட்டுகின்றார்.

அவர்கள் உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் உழைப்பு மட்டுமா அவர்களை உயர்த்தியது? அவர்களுக்கு ஊரில் நிலம் இருந்தது. அது விளையாத நிலமாயினும் கடனுக்கு ஈடாக நின்றது. உறவினரும் சம்பந்திகளும் கைமாற்றுக் கொடுத்தனர். தொழில் நலிந்தால் ஊருக்குத் திரும்பி உண்ண இடமிருந்தது. துணி தந்த கம்பெனிக்காரரும் அவர்தம் மொழியையும் குலத்தையும் அறிந்தவராக இருந்தமையால் நம்பிக்கை எளிதில் பிறந்தது. பழைய பொறிகள் மலிவாகக் கிடைத்தன. சிறு முதலோடு தொடங்க முடிந்தது. இவையெல்லாம் சேர்ந்தே உழைப்பிற்குப் பயன் அளித்தன.

இதற்குச் சான்று வேண்டின், அதே ஊர்களில் வாழ்ந்த நிலமற்ற மக்களை நோக்குக. ஆண்டுக் கணக்கில் பண்ணையாட்களாகக் கட்டுண்டு, வாங்கிய முன்பணத்திற்காக உழைத்த அருந்ததியர் முதலிய மக்கள் அதே வறட்சியைத் துய்த்தனர்; உழைப்பிலும் எவர்க்கும் இளைத்தவரல்லர். எனினும் தொடக்கக் காலத்தில் பனியன் கம்பெனிகளின் கதவுகள் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. தொழில் பெருகி ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பின்னரே அவர்களிற் பலர் உள்ளே நுழைந்தனர். அங்கே சனிக்கிழமைதோறும் ரொக்கமாகக் கூலி கிடைத்தது. பண்ணையாரின் முகம் பார்த்து நிற்கும் நிலை அகன்றது. அஃது ஒரு பெரும் விடுதலையே. ஆனால் தொழிலாளி முதலாளியாகும் ஏணியில் அவர்களிற் சிலரே ஏறினர். அடகு வைக்க நிலமும், கைமாற்றுத் தரச் சுற்றமும் இல்லாதவர்க்கு அவ்வேணியின் முதற்படியே எட்டவில்லை.

முதற்சாராருக்கு மற்றொரு வலிமையும் இருந்தது. அவர்கள் தொழிற்சங்கங்களில் சேர்ந்தனர். 1984-ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரி 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடத்தினர். முதலாளி சங்கங்களும் தொழிலாளர் சங்கங்களும் அமர்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் செய்யும் மரபு அந்நகரில் வேரூன்றிற்று. சங்கத்திற்குச் சந்தா செலுத்தவும், கூட்டத்தில் பேசவும், தேர்தலில் வாக்களித்துப் பிரதிநிதியை வினவவும் வல்லவராக அவர்கள் வாழ்ந்தனர்.

இனி இரண்டாம் சாராரைக் காண்போம். 2000-ஆம் ஆண்டிற்குப் பின் திருப்பூரில் ஆள் தட்டுப்பாடு மிகுந்தது. தமிழ்நாட்டில் குழந்தைப்பேறு குறைந்தது, கல்வி பரவிற்று, தந்தை தைத்த பொறியின் முன் அமர மகன் விரும்பவில்லை. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. ஓரிடத்தில் கைகள் குறைந்தன. மற்றோரிடத்தில் வேலை குறைந்தது. இவ்விரண்டையும் இருப்புப்பாதை இணைத்தது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் தொடர்வண்டி போன்றவை திருப்பூர் வழியே செல்வதால், சோட்டா நாகபுரியின் குன்றுகளில் ஏறியவன் வண்டி மாறாமலே பனியன் நகரில் இறங்க முடிந்தது. 2014-ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தின் வழியாக, ஒடிசாவின் சிற்றூர்ப் பெண்களும் தையல் பழகி இங்குள்ள விடுதிகளில் வந்து தங்கினர். மூலனூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் முருங்கைக் காடுகளுக்குங்கூட இன்று வடபுலத்து மக்கள் வருகின்றனர்.

இவர்களும் உழைக்கின்றனர். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் ‘ஒன்றரை ஷிப்ட்’ இவர்களுக்கும் உண்டு. ஆனால் நிலைமைகளை ஒன்றன்பக்கம் ஒன்று வைத்துப் பாருங்கள். மூலனூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை ஊர் சென்று திரும்பலாம். ஒடிசாக்காரருக்கு ஊர் இரண்டு நாள் பயணம். முன்னவர் கம்பெனிக்குத் தாமே சென்று கூலி பேசினார். பின்னவரிற் பலர் ஒப்பந்தக்காரர் வழியே வருவதால், கூலியின் ஒரு பகுதி இடையிலேயே தங்கிவிடுகிறது. முன்னவருக்குச் சிறு வீடோ தெரிந்தவர் திண்ணையோ கிடைத்தது. பின்னவர் பலர் ஓர் அறையில் முறைவைத்து உறங்குகின்றனர். முன்னவர் தொடங்கிய காலத்தில் சில பொறிகளே பட்டறையாயின. இன்றோ ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். எனவே பின்னவர் சிறந்த தையற்காரர் ஆகலாம், மேற்பார்வையாளர் ஆகலாம், முதலாளியாகும் வழி மிகக் குறுகிவிட்டது.

சட்டம் இவர்களை மறந்ததென்று கூற இயலாது. மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளருக்கென 1979-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பயணப்படி, இடப்பெயர்ச்சிப்படி, உறைவிடம் ஆகியவற்றிற்கு அதில் வழி கூறப்பட்டது. ஆனால் ஒப்பந்தக்காரர் வழியே சேர்க்கப்பட்டவரையே அது கருதிற்று. தாமே வண்டியேறி வந்தோர் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் இணைந்த பின், ஊர் அட்டையைக் கொண்டே இங்கு அரிசி பெறும் உரிமை இவர்களுக்கு வந்தது. அது நல்லதொரு தொடக்கம்.

இரு சாராரின் வேறுபாடு இன்ப காலத்தில் மங்கலாகவும் துன்ப காலத்தில் தெளிவாகவும் தோன்றும். 2011-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள், நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் நின்றன. அண்மை ஊர்க்காரர் தம் ஊர்களில் காலங்கழித்துக் காத்திருந்தனர். தொலைவிலிருந்து வந்தவர் வண்டியேறினர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது வண்டியும் ஓடவில்லை. மே மாதம் சிறப்பு வண்டிகள் விடப்படும்வரை, கூலியும் இன்றி ஊரும் செல்லவியலாது அவர்கள் பட்ட துயரை நாடறியும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் வடபுலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காட்சிகள் பரப்பப்பட்டன. அஞ்சிப் பலர் ஊர் திரும்பினர். பீகார் அரசின் அலுவலர் குழு திருப்பூருக்கு நேரில் வந்து விசாரித்துச் சென்றது. ஒரு பொய்ச்செய்திக்கு ஆயிரக்கணக்கானோர் அஞ்சினர் எனின், அவர்கள் இம்மண்ணில் இன்னும் காலூன்றவில்லை என்பதே பொருள்.

தமிழராகிய நமக்கு இந்நிலை புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். பின்னர்த் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினர். நூறாண்டுக்கு மேல் உழைத்த பின்னும், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சி நாடற்று நின்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. உழைப்பு ஒரு நாட்டைச் செழிக்கச் செய்யும். ஆனால் உழைத்தவனுக்கு அங்கே இடம் தருவது உரிமையே என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது.

திருப்பூருக்கு வரும் ஒடிசாக்காரரும் பீகாரியும் அவ்வகையில் நற்பேறுடையவர். அவர்கள் அயல்நாட்டாரல்லர், இந்தியக் குடிமக்கள். நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழவும் தொழில் புரியவும் அரசியலமைப்பு அவர்களுக்கு உரிமை அளித்துள்ளது. நிலையாக ஓரிடத்தில் வாழ்வோர் அங்கேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஏட்டிலுள்ள உரிமை வாழ்வில் வர, மொழியும் முகவரியும் பழக்கமும் வேண்டும். இவ்விடத்தில்தான் அடுத்த தலைமுறை நம் கவனத்தை ஈர்க்கின்றது. திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் இந்தியும் ஒடியாவும் பேசும் இல்லத்துக் குழந்தைகள் தமிழ் எழுத்தைக் கற்று வருகின்றனர். பெற்றோருக்காகக் கடையிலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்போர் அக்குழந்தைகளே. அவர்கள் இடையில் பள்ளியை விட்டுப் பொறியின் முன் அமர்வார்களாயின் இரண்டாம் சாரார் என்றும் இரண்டாம் சாராராகவே இருப்பர். படித்து நிலைபெறுவார்களாயின், மூலனூரிலிருந்து வந்தவர்போல அவர்களும் இந்நகரத்தவராவர்.

மாணவர்கள் இவ்வொப்பீட்டிலிருந்து அறிய வேண்டுவது ஒன்றுண்டு. ஒருவர் உயர்ந்தார் எனின் உழைத்தார் என்றும், உயரவில்லை எனின் உழைக்கவில்லை என்றும் கூறிவிடுதல் எளிது. வரலாறு அவ்வளவு எளிய கணக்கன்று. அவருக்கு ஈடு காட்ட நிலம் இருந்ததா, கைகொடுக்கச் சுற்றம் இருந்ததா, குறை கூறச் சங்கமும் வாக்கும் இருந்தனவா, அவர் வந்தபோது கதவு திறந்திருந்ததா என்றெல்லாம் வினவ வேண்டும். வடபுலத்து மாணவன் ஒருவன் உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அவன் குடும்பம் எங்கிருந்து, எவ்வழியாக, எதனால் வந்தது என்று அன்போடு கேட்டறியுங்கள். உங்கள் பாட்டனார் திருப்பூருக்கு வந்த கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், இந்நகரின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் உங்கள் கைகளாலேயே எழுதப்படும்.