பிடிக்காத பேச்சாளர் வந்தபோது: பாலக்காட்டுச் சரித்திரத்திலிருந்து சில பக்கங்கள்



நம் சங்கத்தின் கிளைகளில் ஆண்டு விழா, ஜயந்தி, உபந்யாஸம் என்று எந்த நிகழ்ச்சிக்குத் திட்டமிட்டாலும் முதலில் எழும் கேள்வி, "யாரைப் பேச அழைக்கலாம்?" என்பது. இப்போதெல்லாம் அதற்கும் முன்னதாகவே இன்னொரு கேள்வி வந்துவிடுகிறது: "அவரைக் கூப்பிட்டால் யாராவது ஆட்சேபம் செய்வார்களா?" சமீபத்தில் ஒரு கிளையில், கோவில் நடைமுறைகளில் மாறுதல் வேண்டும் என்று எழுதிவரும் ஒருவரை அழைத்தார்கள். நாலைந்து பேர் "அவர் வந்தால் கூட்டம் நடக்காது" என்று சொன்னதும், தவிர்க்க முடியாத காரணங்கள் என்று ஒரு வரி எழுதி நிகழ்ச்சியையே ரத்து செய்தார்கள். அந்தப் பேச்சாளரின் கருத்துக்களில் பலவற்றை நானும் ஏற்பவன் அல்லன். ஆனால் அவர் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று பதில் சொல்லும் வாய்ப்பு எனக்கும் போயிற்று.

இந்த விஷயத்தில் நம் ஊரின் சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தோன்றியது. நான் கஞ்சிக்கோட்டுக்காரன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாளையாறு வழியாக உள்ள கணவாயில், பாலக்காட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். 1860-களில் ரயில் வந்ததிலிருந்து, மதராஸ் பக்கத்திலிருந்து மலபாருக்கு வந்த தலைவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணவாய் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களில் எல்லோரையும் எல்லோரும் விரும்பி வரவேற்றுவிடவில்லை.

பெஸன்ட் அம்மையார்

1916-ல் மலபார் ஜில்லாவின் முதல் அரசியல் மாநாடு பாலக்காட்டில் கூடியது. தலைமை வகித்தவர் அன்னி பெஸன்ட் அம்மையார். அன்னிய நாட்டுப் பெண்மணி, பிரம்மஞான ஸபையின் தலைவர், ஸ்வராஜ்யம் கேட்பவர் என்று ஆசாரசீலர்களுக்கும் சர்க்காருக்கும் தனித்தனியே அவரைப் பிடிக்காமல் போகக் காரணங்கள் இருந்தன. அதே வருஷம் பம்பாய் மாகாண சர்க்கார் அவர் தங்கள் எல்லைக்குள் நுழையவே கூடாது என்று தடை விதித்தது. 1917 ஜூன் மாதம் மதராஸ் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரையும், அருண்டேல், வாடியா ஆகிய இருவரையும் காவலில் வைத்தார்.

பலன் என்ன? ஹைகோர்ட் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கே கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டனம் எழுந்தபோது தமது "ஸர்" பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். மூன்று மாதத்தில் அம்மையாரை விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. அந்த வருஷக் கடைசியில் கல்கத்தா காங்கிரஸுக்கு அவரே தலைவர். வாயை அடைக்கப்போய் அவர் குரலைத் தேசம் முழுவதும் கேட்கச் செய்தது சர்க்கார்தான்.

ஆனால் இதே அம்மையார் 1920 ஏப்ரலில் மஞ்சேரியில் கூடிய மலபார் மாநாட்டில் சிறுபான்மை ஆகிவிட்டார். சீர்திருத்தச் சட்டம் பற்றிய தீர்மானத்தில் அவர் தரப்பு தோற்றது. அவர் தம் ஆதரவாளர்களுடன் வெளியேறினார். யாரும் அவரைத் தடுத்துப் பேசவிடாமல் செய்யவில்லை. விவாதித்தார்கள், வாக்களித்தார்கள், அவர் தோற்றார். மாகாண சர்க்கார் காவலில் வைத்தும் ஸாதிக்க முடியாததை ஒரு வாக்கெடுப்பு ஸாதித்துவிட்டது.

கல்பாத்தியும் வைக்கமும்

அடுத்த அத்தியாயம் நமக்குச் சற்று கசப்பானது. ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. 1924-ல் பொதுச் சாலைகள் எல்லா ஜாதியாருக்கும் உரியவை என்று மதராஸ் சட்டஸபையில் தீர்மானம் நிறைவேறியது. ஆர்ய ஸமாஜ உபதேசகர்கள் பாலக்காடு வந்து ஈழவ மக்களிடையே பிரசாரம் செய்தார்கள். அவ்வருஷம் நவம்பரில் கல்பாத்தி ரதோற்ஸவத்தின்போது தெருவுக்குள் வந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். மாஜிஸ்திரேட் 144 தடை உத்தரவு போட்டார். சண்டை செய்தவர்களைத் தடுப்பதற்குப் பதிலாக, நடந்து வந்தவர்களையே அந்த உத்தரவு தடுத்தது. வெளியூர் உபதேசகர்களின் பேச்சுக்குப் பதில் பேச்சு நம்மிடம் இருந்திருக்க வேண்டும். கை ஓங்கியதால், நம் பக்கத்தில் ஏதாவது நியாயம் இருந்திருந்தால்கூட அதைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

அதே 1924-ல் திருவாங்கூரில் வைக்கம் ஸத்யாக்ரஹம் நடந்தது. அங்கே கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதுதான் கேள்வி. ஈரோட்டிலிருந்து சென்ற ஈ.வெ. ராமஸ்வாமி அவர்கள் பேசக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். அவர் மீறிப் பேசினார். இரண்டு முறை சிறைக்குப் போனார். பிற்காலத்தில் அவர் நம் ஸமூகத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் நமக்கு உடன்பாடில்லை என்பது வேறு விஷயம். அந்தத் தடை உத்தரவு அவரை மௌனமாக்கவில்லை. வைக்கம் என்றால் தமிழ்நாட்டில் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அவர் பெயர்தான்.

அதே வைக்கத்தில் வேறு விதமான ஸந்திப்பும் நடந்தது. 1925 மார்ச் 10 அன்று காந்திஜி, எதிர்த்தரப்பின் தலைவரான இண்டந்துருத்தி நம்பியாதிரியைத் தேடி அவருடைய மனைக்கே போனார். அவரை உள்ளே அழைக்கவில்லை. வெளியே ஆசனம் போட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். சாஸ்திரம், கர்மபலன், வழக்கம் என்று இரு தரப்பும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார்கள். யாரும் மனம் மாறவில்லை. அந்த உரையாடல் குறிப்பெடுக்கப்பட்டு அச்சிலும் வந்தது. இன்று படித்தாலும் இரு தரப்பின் வாதமும் முழுசாகத் தெரிகிறது. தம் ஆசாரத்தையும் விடவில்லை, வந்தவரைப் பேசவும் விட்டார்கள்.

நெல்லிச்சேரி, 1927

பாலக்காட்டுக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஸம்பவம் ஒன்று உண்டு. 1927 அக்டோபரில் காந்திஜி பாலக்காடு வந்தார். தீண்டாமையைக் கண்டித்து ஊர் ஊராகப் பேசிவந்த காலம் அது. காஞ்சி காமகோடி பீடத்தின் ஆசார்யாள், நாம் மஹா பெரியவா என்று போற்றுகிற ஸ்ரீ சந்திரசேகரேந்திர ஸரஸ்வதி ஸ்வாமிகள், அப்போது விஜய யாத்திரையில் பாலக்காடு நெல்லிச்சேரி கிராமத்தில் முகாம். பெரியவாளுக்கு வயது 33. காந்திஜிக்கு 58.

அக்டோபர் 15 அன்று முகாமின் மாட்டுக்கொட்டிலில் இருவரும் ஸந்தித்தார்கள். பெரியவா ஸம்ஸ்க்ருதத்தில் பேச, காந்திஜி ஹிந்தியில் பதில் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் இல்லை. மாலை ஆகாரத்துக்கு நேரமாகிறது என்று ராஜாஜி உள்ளே வந்து நினைவுபடுத்தியபோது, இந்தப் பேச்சே எனக்கு ஆகாரம் என்ற பொருளில் காந்திஜி சொன்னதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதை இரு மஹான்களின் ஸந்திப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆலயப் பிரவேசம் போன்ற கேள்விகளில் இருவர் வழியும் வேறு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஸந்திப்புக்குப் பிறகும் காந்திஜி தம் பிரசாரத்தை நிறுத்தவில்லை. பெரியவாளும் தம் சாஸ்திர நிலையிலிருந்து நகரவில்லை. கல்பாத்தி அடிதடி நடந்து மூன்றே வருஷம். நினைத்திருந்தால் "இவர் நம் முகாமுக்குள் வரக்கூடாது" என்று சொல்லச் சுற்றிலும் ஆட்கள் இருந்திருப்பார்கள். பெரியவா அப்படிச் செய்யவில்லை. தம் கருத்துக்கு மாறானவரை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். ஆசாரத்தில் அவரைவிட உறுதியானவர்கள் நம்மில் யார்?

காந்திஜி எதிரிக்குக் காத்த உரிமை

1933 நவம்பரில் தொடங்கி ஒன்பது மாதம், சுமார் 12,500 மைல், காந்திஜி ஹரிஜன யாத்திரை செய்தார். 1934 ஜனவரியில் மலபாருக்கும் வந்தார். நாட்டின் பல இடங்களில் ஸனாதனிகள் கறுப்புக்கொடி காட்டினார்கள். கறுப்புக்கொடி காட்டுவது அவர்கள் உரிமை. ஆனால் ஏப்ரலில் தேவ்கரில் அவர் சென்ற காரைத் தாக்கினார்கள். ஜூன் 25 அன்று புனாவில் அவருடைய கார் என்று எண்ணி வேறொரு காரின்மேல் குண்டு வீசினார்கள். பலர் காயமடைந்தனர்.

இது ஒரு பக்கம். மறு பக்கமும் உண்டு. யாத்திரையை எதிர்த்துப் பல ஊர்களுக்கும் தொடர்ந்து வந்தவர் காசியைச் சேர்ந்த ஸ்வாமி லால்நாத். ஜூலை மாதம் ஆஜ்மீரில் கூட்ட மேடையில் பேச அவருக்கு இடம் தருவதாகக் காந்திஜி ஒப்புக்கொண்டிருந்தார். காந்திஜி வந்து சேர்வதற்குள் லால்நாத்தின் மண்டையை உடைத்துவிட்டார்கள். அடித்தவர்கள் காந்திஜியின் ஆதரவாளர்கள் பக்கம். காந்திஜி கூட்டத்தைக் கண்டித்தார். கட்டுப்போட்ட தலையோடு லால்நாத்தை மேடையேற்றினார். கூச்சல் போட்டு அவரைப் பேசவிடாமல் செய்தார்கள். அதற்குப் பிராயச்சித்தமாக 1934 ஆகஸ்ட் 7 முதல் ஏழு நாள் வார்தாவில் காந்திஜி உபவாஸம் இருந்தார்.

தம்மை எதிர்த்துப் பேச வந்தவர் பேச முடியாமல் போனதற்காக, அந்த 64 வயதில் ஏழு நாள் உபவாஸம்! ஸனாதன தர்மத்தின் பெயரால் பேச வந்த ஒருவரின் உரிமையைக் காத்தது, ஸனாதனிகள் எதிர்த்த அதே மனிதர்.

சட்டம் நமக்குச் செய்த நன்மை

"இதெல்லாம் மஹாத்மாக்களுக்கு. நமக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். லாபம் உண்டு. 1980-களின் கடைசியில் "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற தமிழ்த் திரைப்படம் வந்தது. பொய் ஜாதிச் சான்றிதழோடு படித்து உத்தியோகத்துக்குப் போகிற ஒரு பிராம்மணப் பெண்ணின் கதை. ஜாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை அது விமர்சித்ததால் பலத்த எதிர்ப்பு எழுந்தது. மதராஸ் ஹைகோர்ட் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. படம் ஓடினால் அமைதி கெடும் என்பது மாநில அரசின் வாதம்.

1989 மார்ச் 30 அன்று சுப்ரீம் கோர்ட், ரங்கராஜன் வழக்கில், சான்றிதழைத் திருப்பித் தந்தது. ஊர்வலம் வரும், கலகம் வரும் என்ற பயமுறுத்தலுக்காகப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக்கூடாது. அமைதியைக் காப்பது அரசின் கடமை என்பது தீர்ப்பின் ஸாரம். நம் ஸமூகத்தின் மனக்குறையைச் சொன்ன ஒரு படத்தைக் காப்பாற்றிய தீர்ப்பு இது. அதே தீர்ப்பு நமக்குப் பிடிக்காத பேச்சாளரையும் காப்பாற்றும். எதிரிக்கு இல்லாத உரிமை நமக்கு மட்டும் எத்தனை நாள் இருக்கும்?

இருந்தும் பயம் போகவில்லை. 2013 ஜூலையில் இஸ்லாமியப் பெண் அறிஞர் ஆமினா வதூத் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தது. சட்டம் ஒழுங்கு கெடலாம் என்று போலீஸ் எச்சரித்ததும் பல்கலைக்கழகம் கூட்டத்தை ரத்து செய்தது. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம், பெயரில்லாத ஒரு புகார்க் கடிதத்தைத் தொடர்ந்து நீக்கப்பட்டது. நாடெங்கும் சர்ச்சையாகி, ஜூன் 7 அன்று திருப்பிக் கொடுக்கப்பட்டது. சில நூறு பேர் அறிந்திருந்த அமைப்பை அந்தத் தடை ஊர் அறியச் செய்தது. அந்த ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலில் 2015-ல் தொடங்கியதுதான் பாலக்காடு ஐ.ஐ.டி. இப்போது எங்கள் கஞ்சிக்கோட்டில்தான் அதன் வளாகம். நம் பேரக்குழந்தைகள் படிக்கப்போகும் இடங்களில் எல்லாத் தரப்புப் பேச்சும் அவர்கள் காதில் விழ வேண்டாமா?

அமெரிக்காவில் குழந்தைகள் இருக்கும் அன்பர்களுக்கு இது அங்கேயும் உள்ள தலைவலி என்று தெரிந்திருக்கும். 2017 மார்ச்சில் மிடில்பரி கல்லூரியில் சார்ல்ஸ் மர்ரே என்பவரைப் பேசவிடாமல் மாணவர்கள் கூச்சலிட்டார்கள். அவரோடு மேடையில் வாதம் செய்யவிருந்த பேராசிரியை வெளியே வரும்போது நெரிசலில் கழுத்தில் அடிபட்டார். கூச்சலிட்டவர்களின் கேள்விகளை மர்ரேயிடம் கேட்கத் தயாராக வந்திருந்தவரே அவர்தான்.

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலத்தில் ஆலை வாசலில் எத்தனையோ கூட்டங்கள் கேட்டிருக்கிறேன். காலையில் ஒரு யூனியன், மாலையில் அதற்கு நேர் எதிரான யூனியன். கறுப்பு பாட்ஜ் குத்திக்கொண்டு நின்று கேட்பவர்கள் உண்டு. மறுநாள் அதே இடத்தில் பதில் கூட்டம் நடக்கும். மைக்கைப் பிடுங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கிளைச் செயலாளர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். யாரை அழைப்பது என்பதை அழைப்பதற்கு முன்னால் செயற்குழுவில் நன்றாக விவாதியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அழைக்காதீர்கள்; அதில் தவறில்லை. அழைத்தபின் மிரட்டலுக்காக ரத்து செய்யாதீர்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் வாசலில் அமைதியாக நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கட்டும். கூட்ட முடிவில் கேள்விகளுக்கு அரை மணி ஒதுக்குங்கள். மாற்றுக் கருத்துக்கு அடுத்த மாதம் அதே மேடையைக் கொடுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கத்தையும் அச்சிடுங்கள்.

நம் முன்னோர் தர்க்கத்தையும் வாக்யார்த்த ஸதஸையும் வித்தையாகவே வளர்த்தவர்கள். எதிராளியின் கட்சியை முதலில் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் தம் கட்சியை நிலைநாட்டுவார்கள். பூர்வபக்ஷத்தைக் கேட்காதவனுக்கு ஸித்தாந்தம் சொல்ல அருகதை இல்லை. ஸதஸில் வென்றவர் உண்டு, தோற்றவர் உண்டு. எதிராளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு வென்றேன் என்று சொன்னவரை நம் முன்னோர் பண்டிதர் என்று அழைத்ததில்லை.