பசியும் விழிப்பும் குடியிருக்கும் இடம்

புக்கிட் பெருவாங் என்ற மலாய்ப் பெயருக்குக் கரடிக் குன்று என்று பொருள். குளிர் நாட்டுக் கரடிகளில் சில, பனிக்காலம் முழுவதும் உண்ணாமல் உறங்கிக் கிடக்கும். நம் நாட்டுக் கரடிக்கு அந்த வழக்கம் இல்லை. ஆண்டு முழுவதும் இரை கிடைப்பதால் அதற்கு அவசியமும் இல்லை. உணவும் உறக்கமும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்பதை அறிய நாம் கரடியைத் தேடிப் போக வேண்டியதில்லை. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பது நம் பழமொழி. வெறும் வயிற்றோடு படுத்தால் கண் மூடாது என்பதும் நாம் அறிந்ததே. இருட்டிலேயே எழுந்து, ஒரு வாய் கடுங்காப்பி குடித்து, பெரட்டுக்கு நின்று, நிரையில் பாதி மரம் வெட்டிய பிறகே பசியாறிய தலைமுறைகள் மலாக்காத் தோட்டங்களில் வாழ்ந்தன.

பசி எங்கே பிறக்கிறது? வயிற்றில்தான் என்று எவரும் சொல்வர். விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். 1912-இல் அமெரிக்காவில் கேனன் என்ற பேராசிரியர், வாஷ்பர்ன் என்ற தம் மாணவரை ஒரு ரப்பர்ப் பலூனை விழுங்கச் செய்தார். வயிறு சுருங்கும் நேரமும் பசி எடுக்கும் நேரமும் ஒத்துப் போயின. (அந்த மாணவரின் பொறுமையை நாம் மெச்சத்தான் வேண்டும்.) ஆனால் நோயினால் இரைப்பையையே அகற்றிவிட்டவர்களுக்கும் பசி எடுத்தது. ஆகவே வயிறு சேதி சொல்லும் ஆள்தான். சேதியைக் கேட்டு முடிவெடுப்பது வேறோர் இடம்.

அந்த இடம் மூளையின் அடிப்பாகத்தில் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் என்பது அதன் பெயர். எடை சுமார் 4 கிராம். உடற்சூடு, தாகம், பசி, உறக்கம் எல்லாம் இதன் பொறுப்பு.

உறக்கத்தைப் பற்றிய துப்புதான் முதலில் கிடைத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சல் பரவியது. சிலர் நாள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருந்தனர். வேறு சிலருக்குத் தூக்கமே வரவில்லை. வியன்னா நகர மருத்துவர் ஃபான் எக்கொனோமோ இந்நோயை 1917-இல் விவரித்து எழுதினார். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, ஓயாமல் தூங்கியவர்களுக்கு ஹைப்போதலாமஸின் பின்பகுதியும், தூங்காதவர்களுக்கு முன்பகுதியும் கெட்டிருந்ததைக் கண்டார்.

பசியின் வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டியவர் லாகூரில் பிறந்த டாக்டர் பால் கிருஷன் ஆனந்த். இவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியைச் சேதப்படுத்தினால் எலி ஓயாமல் தின்று கொழுத்துவிடும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனந்த் மெல்லிய மின்கம்பியால் அதன் ஓரப்பகுதியில் மிகச் சிறிய இடத்தைத் தீய்த்தார். ஒரு பக்கம் மட்டும் தீய்த்தால் எலி வழக்கம்போல் தின்றது. இரு பக்கமும் தீய்த்தபோது அடியோடு தின்பதை நிறுத்தியது. இரையை அருகில் வைத்துக்கொண்டே பட்டினியால் செத்தது. முன்பு தின்று கொழுத்த எலிகளும் இவ்வாறு செய்ததும் தின்ன மறுத்தன. 1951-இல் இம்முடிவுகள் அச்சேறின. உணவு மையம் என்ற பெயர் பாடப்புத்தகங்களில் ஏறியது.

பின்பு அவர் டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையின் முதல் பேராசிரியரானார். இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் உணவு மையத்தின் மின்துடிப்பு குறைவதையும், நிறைவு மையத்தின் துடிப்பு கூடுவதையும் 1962-இல் தம் குழுவினரோடு வெளியிட்டார். சோறு இறங்கியதும் போதும் என்று கை நிற்பதற்கான காரணங்களில் ஒன்று அங்கே புலப்பட்டது.

விஷயம் இத்தனை எளிதல்ல என்பதும் தெரியவந்தது. தின்ன மறுத்த எலிகளுக்குக் குழாய் வழியே உணவூட்டிக் காப்பாற்றினால், சில வாரங்களில் அவை மீண்டும் தின்னத் தொடங்கின என்று 1954-இல் இரு அமெரிக்கர்கள் காட்டினர். அந்த வழியே செல்லும் வேறு நரம்பிழைகளும் அறுபட்டது எலி உண்ணாததற்கு ஒரு காரணம் என்று பின்னர் கண்டனர். ஒரே ஒரு மையம் எல்லாவற்றையும் ஆள்கிறது என்ற எண்ணம் தளர்ந்தது.

இனி ஒரு திருப்பம். 1998-இல் யானாகிசாவா, சக்குராய் ஆகிய ஜப்பானியர்களின் குழு, அதே ஓரப்பகுதியிலுள்ள சில உயிரணுக்கள் சுரக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. எலிக்குக் கொடுத்தால் கூடுதலாகத் தின்றதால், பசி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்று பெயரிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, அது இல்லாத சுண்டெலிகள் விழித்திருக்கும்போதே திடீரென்று சுருண்டு விழுந்தன. பசிக்கென்று பெயர் வைத்த பொருள் விழிப்பைக் காக்கும் பொருளாக இருந்தது! மனித மூளையில் ஒரு லட்சத்துக்கும் குறைவான உயிரணுக்களே இவ்வேலையைச் செய்கின்றன.

2003-இல் இரண்டும் இணைந்தன. பட்டினி போட்ட சுண்டெலி தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இரை தேடி அலைந்தது; இந்த உயிரணுக்கள் அழிந்த சுண்டெலியோ பட்டினியிலும் அப்படி விழிக்கவில்லை. குளுக்கோஸ் ஏறினால் இந்த உயிரணுக்கள் அடங்குகின்றன, குறைந்தால் கிளர்கின்றன. பசித்தவன் கண் மூடாததன் காரணங்களில் இதுவும் ஒன்று.

மனிதரில் இந்த உயிரணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோனால் நார்கோலெப்சி என்ற நோய் வரும். இது 2000-இல் தெளிவாயிற்று. இரவில் படுத்து எழுந்த பிள்ளையும் பகலில் அடக்க முடியாமல் தூங்கும். சிலருக்கு வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போகும். நோயின் பெயர் தெரியாத வீட்டில் அந்தப் பிள்ளைக்குச் சோம்பேறி என்றுதான் பெயர். அம்மா வேலைக்குப் புறப்பட எழுந்தபோதே தானும் எழுந்துவிட்ட பிள்ளை வகுப்பில் கண்ணயர்வது வேறு. அதற்கு வேண்டியது இரவில் இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கம். சிரித்ததும் கால் துவள்கிற பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தூக்கத்தை அளந்து பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தும் இருக்கிறது.