யாப்பு ஈன்ற எண் தொடர்கள்

1, 2, 3, 5, 8, 13 என வளரும் தொடரில், முன்னிரு எண்களின் கூட்டுத்தொகையே அடுத்த எண்ணாகும். பைசா நகரத்து லியோனார்தோ 1202இல் எழுதிய நூலில், முயல்களின் பெருக்கம் பற்றிய புதிராக இது இடம்பெற்றது. பிற்காலத்தில் அவருடைய மறுபெயரால் இதனைப் பிபனாச்சித் தொடர் என்று அழைத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா.

ஆயினும், இத்தொடரை அவருக்கு முன்பே கண்டவர்கள் இந்திய யாப்பறிஞர்கள். வடமொழி, பிராகிருத யாப்பில் இலகு என்னும் அசை ஒரு மாத்திரையும், குரு என்னும் அசை இரண்டு மாத்திரையும் பெறும். நான்கு மாத்திரை அளவை எத்தனை வகையில் அமைக்கலாம்? இலகுவில் முடிந்தால் எஞ்சியவை மூன்று மாத்திரை. அவற்றுக்கு 3 வகை. குருவில் முடிந்தால் எஞ்சியவை இரண்டு; அவற்றுக்கு 2 வகை. ஆக 5. இவ்விதியைப் பிராகிருதத்தில் யாப்பு நூல் செய்த விரகாங்கர் குறித்தார். குஜராத்தின் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் ஏறத்தாழ 1150இல் அதனைத் தெளிவுறக் கூறினார்.

தமிழ் யாப்பு சீர்களை வகுக்குமிடத்து அசையையே எண்ணுகிறது. ஒவ்வோர் இடத்திலும் நேர் அல்லது நிரை வரலாம். எனவே ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என எண்ணிக்கை இரட்டிக்கிறது. யாப்பருங்கலக்காரிகை காட்டும் சீர்கள் 30 ஆவது இவ்வாறே.

இவ்விரு தொடர்களுக்கும் ஓர் உறவு உண்டு. 2, 4, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 14. அது அடுத்த எண்ணாகிய 16ஐவிட இரண்டு குறைவு. 1, 2, 3, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 11. அது 8ஐத் தாண்டி நிற்கும் 13ஐவிட இரண்டு குறைவு. எத்தனை எண்கள் வரை கூட்டினும் இப்பண்பு மாறுவதில்லை.

பிபனாச்சித் தொடரைத் தமிழர் கண்டனர் என்று மேடையில் முழங்குவது எளிது. காரிகையின் சீர்க் கணக்கு தருவதோ இரட்டிப்புத் தொடரே. அசையை அலகாக்கினால் எண்ணிக்கை இரட்டிக்கிறது. மாத்திரையை அலகாக்கினால் முன்னிரண்டும் கூடுகின்றன. இந்த வேறுபாட்டை மாணவர் தாமே எண்ணிக் காணச் செய்வோமாயின், மிகைக்கூற்றின் துணையின்றியே யாப்பின் பெருமை அவர்களுக்கு விளங்கும். சீர் வாய்பாடுகளை மனனம் செய்யும் வகுப்பிலேயே அதனைத் தொடங்கலாம்.