முதற் பட்டதாரியும் நம் பெண்மக்களும்

சென்ற திங்கள் நடந்த நம் சங்கத்தின் கல்வி நிதிக் கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்து, "வாத்தியார் தம்பி! பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலையின்றி நிற்கின்றனர். பெண்பிள்ளைக்கும் சர்வகலாசாலைப் படிப்பு வேண்டுமோ? அப்பணம் மணச் செலவுக்கு ஆகாதோ?" என வினவினார். அவர் சொல்லில் சினம் இல்லை; கவலையே இருந்தது. அன்று வாளா இருந்த யாம், இப்பத்திரிகை வாயிலாக விடை கூறத் துணிந்தோம்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. கல்கத்தா, பம்பாய் நகரங்களிலும் அவ்வாண்டிலேயே சர்வகலாசாலைகள் தோன்றின. இலண்டன் சர்வகலாசாலையின் முறையைத் தழுவி எழுந்த இவை, தொடக்கத்தில் பாடஞ் சொல்லும் இடங்களாக இருக்கவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, சர்வகலாசாலை பரீட்சை நடத்திப் பட்டம் அளித்தது. ஆதலின் அக்காலத்துப் பட்டம் வெறுந் தாளே எனக் கூறுவாரும் இருக்கலாம். அத்தாளை முதன்முதற் பெற்றவர் யாது செய்தார் என்பதை நோக்குவோம்.

சென்னையின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவருள் ஒருவரே சி. வை. தாமோதரம் பிள்ளை. சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற அவர், அரசாங்க அலுவலும் வழக்கறிஞர் தொழிலும் புரிந்து, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். பொருளீட்டி இனிது வாழ அவருக்குத் தடை யாதுமில்லை. ஆயினும் அவர் செல்லரித்த ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868-இலும், வீரசோழியத்தை 1881-இலும், இறையனார் அகப்பொருளை 1883-இலும், கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றினார். பட்டம் அவருக்குப் பதவி தந்தது. அவர் தமிழுக்கு நூல்களைத் தந்தார். ஒருவர் பெற்ற கல்வி பலர்க்குப் பயன்படுவது இங்ஙனமே.

இவ்வரலாற்றை யாம் முதன்முதற் கேட்டது, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், மாணாக்கராய் இருந்த நாளில். அங்குள்ள சர்வகலாசாலை 1929-இல் தோன்றியது. மாணாக்கர் உடனுறைந்து கற்கும் வகையில் அமைந்தது. விபுலானந்த அடிகள் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்த பெருமையும் அதற்கு உண்டு. கலித்தொகைப் பாடத்தின் இடையே எம் ஆசிரியர் தாமோதரம் பிள்ளையின் கதையைக் கூறிய அப்பொழுது, எம் கையிலிருந்த நூல் திடீரெனக் கனத்தது போல் இருந்தது.

அந்நாட்களை எண்ணுந்தோறும் உள்ளம் இனிக்கின்றது. மாற்றிக் கட்ட இரண்டே வேட்டிகள், ஓரறையில் மூவர், ஒருவன் ஊரிலிருந்து கொணர்ந்த முறுக்கு மூவர்க்கும் பொது. இரவு நெடுநேரம் ஒரு சொல்லின் பொருள் பற்றி வாதிட்டு, விடியலில் தேநீர்க் கடையில் சமாதானம் செய்துகொள்வோம். உடனுறைந்த இருவரும் நம் குலத்தவர் அல்லர். ஆயினும் உடன்பிறந்தாரினும் நெருங்கியிருந்தோம். தம் ஊரையும் உறவையும் விட்டுப் புறத்தே சென்று பிறரோடு வாழக் கற்பதும் சர்வகலாசாலைக் கல்வியின் ஒரு பகுதியே.

ஆனால் அவ்வினிமையின் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். எம் தமக்கையார் பத்தாம் வகுப்பில் எம்மினும் மிக்க மதிப்பெண் பெற்றவர். இருவர்க்கும் பணம் கட்ட எந்தையாரால் இயலாமையின் அவர் படிப்பு நின்றது; எம் படிப்பு தொடர்ந்தது. விடுமுறையில் யாம் திண்ணையில் அமர்ந்து பாடம் படிக்க, அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருப்பார். யாம் தடுமாறிய இடத்தில் பொருள் கூறியவர் பலகால் அவரே. அவர் ஒருநாளும் குறை கூறிற்றிலர். அதுவே எம்மை இன்றும் வருத்துகின்றது.

பெண் படித்து யாது செய்வாள் என்பார், தாமோதரம் பிள்ளை நீதி வழங்கிய அப்புதுக்கோட்டையையே நோக்குக. அவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை ஆண்கள் பயிலும் கல்லூரியிற் சேர்த்தற்குச் சிலர் தடை கூறினர், மன்னர் இடந்தந்தார். அவர் 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அன்று அக்கதவு அடைபட்டிருப்பின் இழப்பு அவர்க்கு மட்டுமோ?

வேலை கிடைத்தல் அரிது என்னும் முதியவர் கவலையை யாம் மறுக்கவில்லை. ஆயினும் மணச் செலவு ஒருநாளிற் கழியும். கற்ற கல்வியோ அவள் மக்களுக்கும் செல்லும். அன்பர்காள்! இவ்வாண்டு நம் நிதியை நாடி விண்ணப்பித்தவருள் பெண்மக்களும் உளர். ஆண், பெண் என்று பாராது, தகுதியும் வறுமையும் பார்த்து உதவுமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். எம் பங்காக ஒரு திங்கள் ஊதியத்தை, எம் தமக்கையார் பேரால், இந்நிதிக்கு அளிக்கின்றோம்.