விட்டுல்லோ பெட்டியும் மார்ட்டி காடர்டும்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் மருத்துவமனைக்கு வந்தால் தடயம் சேகரிக்க அமெரிக்காவில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்கள். பேச்சுவழக்கில் ரேப் கிட். 1978-ல் சிகாகோவில் முதலில் வந்தபோது அதன் பெயர் 'விட்டுல்லோ தடயப் பெட்டி'. லூயிஸ் விட்டுல்லோ சிகாகோ போலீஸ் தடய ஆய்வகத்தில் சார்ஜென்ட். அவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்றே ரொம்ப வருஷம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் இதன் பின்னால் இருந்தவர் மார்ட்டி காடர்ட் என்ற பெண். போலீஸும் இல்லை, டாக்டரும் இல்லை. வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவி மையத்தில் தன்னார்வலராக இருந்தவர். ஏன் ஓடிவருகிறார்கள் என்று கேட்கப்போனால், பல பேருக்குப் பதில் ஒன்றுதான்: வீட்டிலேயே பாலியல் கொடுமை.

சரி, குற்றவாளிகள் ஏன் மாட்டுவதே இல்லை? காடர்ட் போலீஸ், மருத்துவமனை, ஆய்வகம் என்று ஒவ்வொரு இடமாகப் போய் விசாரித்தார். எந்தத் தடயத்தை எப்படி எடுக்க வேண்டும் என்று மருத்துவமனை ஊழியர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எடுத்ததும் ஆய்வகத்துக்குப் போவதற்குள் கெட்டுவிடும். உடுத்தியிருந்த துணியைத் தடயமாக வாங்கிக்கொண்டு, மாற்றுத்துணி இல்லாமல், மருத்துவமனை கவுனும் காகிதச் செருப்புமாகப் பெண்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தீர்வு எளிமையானது. பஞ்சுக் குச்சிகள், கண்ணாடி ஸ்லைடுகள், சீப்பு, உறைகள், டாக்டருக்கும் போலீஸுக்கும் படிவங்கள், பிரித்தால் தெரிந்துவிடும் சீல். கூடவே ஒரு சீட்டு. மனநல உதவியும் தொடர் சிகிச்சையும் எங்கே கிடைக்கும் என்று பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லும் சீட்டு. எனக்கு இந்தப் பெட்டியிலேயே முக்கியமான பொருள் அதுதான் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் வழக்குக்கு. அந்தச் சீட்டு மட்டும் அவருக்கு.

இதற்குப் பணம் யார் தந்தது தெரியுமா? பிளேபாய் அறக்கட்டளை, 10,000 டாலர். மற்ற இடங்களில் கதவு திறக்காததால் காடர்ட் அங்கே போனார், பெண்ணியத் தோழிகளிடம் திட்டும் வாங்கினார். 1978 செப்டம்பரில் சிகாகோ வட்டாரத்தின் 26 மருத்துவமனைகளுக்குப் பெட்டி போனது. அதிகாரிகளை அனுசரித்துப் போகாமல் காரியம் நடக்காது என்பதால் விட்டுல்லோவின் பெயரே அதில் அச்சானது. 2015-ல் காடர்ட் இறந்தபோது அவர் யார் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. 2020-ல் பேகன் கென்னடி நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகுதான் இந்தக் கதை பரவலாகத் தெரிந்தது.

ஆனால் பெட்டி வந்ததோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2009-ல் டெட்ராய்ட் போலீஸின் கிடங்கு ஒன்றில் 11,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடப்பது தெரியவந்தது. பெரும்பாலானவை பிரிக்கப்படவே இல்லை. யோசித்துப் பாருங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒருவர் மணிக்கணக்கில் அந்தப் பரிசோதனையைத் தாங்கியிருக்கிறார், நடந்த கொடுமைக்குச் சில மணி நேரத்துக்குள். அங்கே அரசு வழக்கறிஞர் கிம் வொர்த்தி விடாமல் நிதி திரட்டிப் பரிசோதிக்க வைத்தார். நூற்றுக்கணக்கான தொடர் குற்றவாளிகள் அடையாளம் தெரிந்தார்கள். பெட்டிகள் தூங்கிய வருஷங்களில் அவர்களில் பலர் வேறு பெண்களையும் தாக்கியிருந்தார்கள்.

தடயம் எடுக்கும் முறையை காடர்ட் சரிசெய்தார். எடுத்த பிறகு அது எங்கே போகிறது என்று கேட்கும் வழி மட்டும் பாதிக்கப்பட்டவரிடம் இல்லை. போலீஸாகச் சொன்னால்தான் உண்டு.

அந்த ஓட்டையை அடைக்க வந்தது, என்னைப் போன்றவர்கள் தினமும் செய்கிற மாதிரி ஒரு மென்பொருள். 2017-ல் ஐடஹோ மாநிலப் போலீஸ் தாங்களே எழுதிய கண்காணிப்பு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். அந்த எண்ணைப் போட்டால் பெட்டி மருத்துவமனையில் இருக்கிறதா, போலீஸிடமா, ஆய்வகத்திலா என்று அவரே வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்களுக்கும் அதை இலவசமாகவே தருகிறார்கள்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒரு எண், ஒரு தேதி, ஒரு நிலை. அவ்வளவுதான். கூரியர் கம்பெனிகள் எப்போதோ செய்துவிட்ட வேலை. தன் பெட்டி எங்கே என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு என்று ஒத்துக்கொள்ளத்தான் 39 வருஷம் பிடித்தது.