ரீட்பெர்க் அருங்காட்சியகம்: சீனச் சேகரிப்பு

சூரிச் நகரின் அருங்காட்சியகம். எங்கே (Enge) என்ற ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் ரீட்டர் பூங்காவும் வெசண்டோங்க் மாளிகையும் வந்துவிடும். வங்கியாளர் எடுவார்ட் ஃபான் டெர் ஹைட் நகருக்குக் கொடையளித்த சேகரிப்போடு 1952இல் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் ஓவியர் யோஹான்னஸ் இட்டன். 2007இல் நிலத்தடிக் கூடங்கள் சேர்ந்தன.

சீனப் பௌத்தக் கற்சிற்பங்களே ஹைட் சேகரிப்பின் பெருமை. ஆனால் மனத்தைப் பிடித்திழுப்பவை தாங் காலத்து (618–907) கல்லறைச் சுடுமண் உருவங்கள். குதிரை, ஒட்டகம், பணியாள், காவல் பூதம் என இறந்தவருக்கு மறுமையில் துணையாகப் புதைக்கப்பட்டவை இவை. பல உருவங்களில் பச்சை, தேன்பழுப்பு, வெள்ளை மெருகு ஒன்றோடொன்று கலந்து வழிந்திருக்கும். மெருகில் ஈயம் இருப்பதால் சூளையில் அது எளிதில் உருகி ஓடும். அதனால்தான் மனித முகங்களைப் பெரும்பாலும் மெருகிடாமல் விட்டு, சுட்டபின் வண்ணம் தீட்டினர். புருவமும் உதடும் கலையாமல் நிற்பது இந்தக் கவனத்தால்தான்.

எத்தனை உருவங்கள் வைக்கலாம் என்பதைப் பதவி தீர்மானித்தது. 741இல் உயர் அதிகாரிகளுக்கான எண்ணிக்கை 90இலிருந்து 70ஆகக் குறைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் பகுதியில் இருப்புப்பாதை அமைத்தபோது கல்லறைகள் வெளிப்பட, இவ்வகை உருவங்கள் மேலைநாட்டுச் சந்தைக்குப் போயின.